உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல, எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை

பேருந்து நிலையத் தூண்களிலும் ரயில் நிலையப் பலகைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வரும் "காணவில்லை" அறிவிப்புகள் எல்லாமே தேடுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. பெயர், வயது, உயரம், மாநிறம், கடைசியாக உடுத்தியிருந்த சட்டை, தகவல் தெரிந்தால் அழைக்க ஒரு எண். படத்தில் இருப்பவரே அதைப் பார்த்தால் அவர் என்ன செய்யலாம் என்று ஒரு வரிகூட இருக்காது. இந்தப் பதிவு அவருக்கானது. வீட்டைவிட்டு வந்துவிட்டு, திரும்பவும் முடியாமல், தலைமறைவாகவே இருந்துவிடவும் முடியாமல் நிற்பவருக்கு.

இலங்கைத் தமிழர்கள் "காணாமல் போனோர்" என்பதையும் "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்பதையும் பிரித்துச் சொல்வார்கள். இரண்டாவது ஒரு குற்றம், அதற்கான போராட்டமே வேறு. இங்கே பேசுவது முதலாவது பற்றி மட்டும்: தானாகக் கிளம்பிப் போனவர்கள், போகும்படி நெருக்கப்பட்டவர்கள். சட்ட விவரங்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 18 வயது முடிந்தவர் வீட்டைவிட்டுப் போவது குற்றம் இல்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும், கணவரைவிட்டு வந்தவருக்கும், பெற்றோரைவிட்டு வந்த மகனுக்கும் இது ஒன்றுதான். சேலத்தில் ஹோமியோபதி படித்த ஹாதியாவின் வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: வயது வந்த ஒருவர் எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவரே முடிவு செய்வார், அதைத் தீர்மானிக்கும் உரிமை தகப்பனுக்கும் இல்லை, நீதிமன்றத்துக்கும் இல்லை. உங்களைத் தேடுவது போலீஸின் கடமை. கண்டுபிடித்தபின் உங்களை வீட்டில் கொண்டுபோய் ஒப்படைப்பது அவர்கள் கடமை அல்ல. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பலர் மாதக்கணக்கில் போலீஸுக்குப் பயந்து ஒளிந்து வாழ்கிறார்கள்.

முதல் இரவு

கிளாம்பாக்கமோ மாட்டுத்தாவணியோ, எந்தப் பேருந்து நிலையமானாலும், ராத்திரி தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் "வேலை இருக்கு, தங்க இடம் இருக்கு" என்று வந்து பேசுகிறவரை நம்பாதீர்கள். புதிதாக வந்தவர்களைக் குறிவைத்துத்தான் அந்தப் பேச்சு வரும். பெண்களுக்கான உதவி எண் 181. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அவர்கள் வழிகாட்டுவார்கள். அங்கே 5 நாள் வரை தங்கலாம். சாப்பாடு, மருத்துவம், சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை எல்லாம் அங்கேயே. போலீஸில் புகார் கொடுத்தால்தான் சேர்ப்போம் என்ற நிபந்தனை கிடையாது. கூட மகன் இருந்தால், எத்தனை வயது வரை அனுமதி என்பதை முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். வாசலுக்குப் போனபிறகு தெரிந்தால் அலைச்சல்.

ரயிலில் இருந்தால் 139. உடனடி ஆபத்து என்றால் 112. ஆண்களுக்குத் தங்கும் வாய்ப்பு குறைவு என்பது உண்மை. மாநகராட்சிகள் நடத்தும் வீடற்றோருக்கான இரவுக் காப்பகங்கள் இருக்கின்றன, காசு வாங்க மாட்டார்கள். ராத்திரி நேரத்தில் மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறையிலோ ரோந்து போலீஸிடமோ கேட்டால் அருகில் எது என்று சொல்வார்கள்.

வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணத்தோடு கிளம்பியிருந்தால் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு முதலில் 14416 அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. பெயரையோ ஊரையோ சொல்ல மனமில்லை என்றால் "பெயர் சொல்ல விரும்பவில்லை" என்றே பேச்சைத் தொடங்கலாம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிப்பார்களோ என்ற பயமும் வேண்டாம். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. உங்களுக்குத் தேவை சிகிச்சை, அதைக் கொடுப்பது அரசின் பொறுப்பு.

போலீஸ் கண்டுபிடிக்கும் முன் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்

வீட்டார் புகார் கொடுத்தால் தமிழ்நாட்டில் அது "பெண் காணவில்லை" அல்லது "ஆண் காணவில்லை" என்ற தலைப்பில் எஃப்.ஐ.ஆர். ஆகப் பதிவாகும். அதில் யார்மேலும் குற்றச்சாட்டு இருக்காது. பதிவான நாளிலிருந்து உங்கள் போன் எண்ணின் அழைப்பு விவரங்களையும் டவர் விவரங்களையும் போலீஸ் வாங்கலாம். சிம்மை மட்டும் மாற்றினால் பயனில்லை, கைபேசிக்கே தனி எண் உண்டு. ஆக, கண்டுபிடிக்கப்படுவது பெரும்பாலும் நாள் கணக்குதான். அவர்கள் உங்கள் அறை வாசலில் உறவினர்களோடு வந்து நிற்பதும், நீங்களே வழக்கறிஞரோடு போய் உட்காருவதும் ஒன்றல்ல. முதலாவதில் பேரம் அவர்கள் கையில். இரண்டாவதில் இடம், நேரம், கூட இருப்பவர் எல்லாம் உங்கள் தேர்வு.

அதனால் செய்ய வேண்டியதை இந்த வரிசையில் செய்யுங்கள். இலவசச் சட்ட உதவி எண்ணான 15100 அழைத்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் வழக்கறிஞர் கேளுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. சொந்த ஊர் மாவட்டத்தில் கேட்க வேண்டும் என்றில்லை, நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே கேட்கலாம். வழக்கறிஞரிடம் நீங்கள் சொல்லும் முகவரியை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்ல சாட்சியச் சட்டம் அவரை அனுமதிப்பதில்லை. இந்த ஏற்பாட்டிலேயே உறுதியான இரகசியக் காப்பு இதுதான்.

அடுத்தது கடிதம். சுருக்கமாக, பிசிறில்லாமல் இருக்க வேண்டும்:

"மேற்படி குற்ற எண்ணில் காணாமல் போனதாகப் புகார் அளிக்கப்பட்டிருப்பவர் நான்தான். என் பிறந்த தேதி இது, வயதுச் சான்றின் நகல் இணைத்துள்ளேன். இந்தத் தேதியில் என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றி வீட்டைவிட்டு வந்தேன். நலமாக இருக்கிறேன். என் இருப்பிடத்தையும் தொலைபேசி எண்ணையும் புகார்தாரருக்கோ வேறு எவருக்குமோ தெரிவிக்க எனக்குச் சம்மதம் இல்லை. என் வழக்கறிஞர் முன்னிலையில் வாக்குமூலம் அளிக்கத் தயாராக இருக்கிறேன். வழக்கை முடித்து அதன் நகலை வழக்கறிஞர் முகவரிக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்."

கையெழுத்து, தேதி, அன்றைய நாளிதழைப் பிடித்தபடி ஒரு படம். குற்ற எண், அதாவது எஃப்.ஐ.ஆர். எண், தெரியாவிட்டால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். எல்லா எஃப்.ஐ.ஆரும் ஏற்றப்படுவதில்லை. கிடைக்காவிட்டால் பெயரும் ஸ்டேஷனும் போதும். ஒரு பிரதி ஸ்டேஷனுக்கு, ஒரு பிரதி எஸ்.பி.க்கு அல்லது கமிஷனருக்கு. எஸ்.பி.க்கு அனுப்புவது மரியாதைக்காக அல்ல. ஸ்டேஷனில் யாரோ உங்கள் மாமாவின் நண்பராக இருந்து கடிதத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் மேலே ஒரு தடம் இருக்க வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் தபால்தான். கடிதத்தில் முகவரி எழுதாமல் விடுவார்கள், ஆனால் ஸ்பீட் போஸ்ட் எந்த அஞ்சலகத்தில் பதிவானது என்று ரசீதும் இணையத் தடமும் ஊரோடு சொல்லிவிடும். வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். அதேபோல நாளிதழோடு எடுத்த படத்தில் மாவட்டப் பதிப்பின் பெயர் தெரியக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகையும் தெரியக் கூடாது. படத்தை வாட்ஸ்அப்பில் டாகுமெண்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் சேர்ந்தே போகும். காகிதத்தில் அச்செடுத்துக் கொடுப்பது நல்லது.

கடிதம் மட்டும் போதாது, நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கடிதத்தை மிரட்டியும் எழுத வைக்கலாம் அல்லவா? வழக்கறிஞர் அலுவலகத்திலோ, நீங்கள் இருக்கும் மாவட்டத்து ஸ்டேஷனிலோ, சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ சந்திக்கலாம் என்று சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் பேசலாமா என்றும் கேட்டுப் பார்க்கலாம், ஏற்பது அந்த அதிகாரியின் முடிவு. சாட்சியாக ஒரு பெண்ணை விசாரிக்க வேண்டுமானால் அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் வர வேண்டும், ஸ்டேஷனுக்கு அழைக்கக் கூடாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு சொல்கிறது. அறை முகவரி தெரியக் கூடாது என்பதால் நீங்களாக வேறு இடத்துக்கு வர இசைகிறீர்கள் என்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஸ்டேஷனில் உங்களுக்குத் தெரியாமலே வீட்டாரை வரவழைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தே போங்கள். அம்மா அழுவார், அண்ணன் கையைப் பிடிப்பார், "ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போம்மா" என்று இன்ஸ்பெக்டரே சொல்வார். அந்த இடத்தில் முடிவு எடுக்க வேண்டாம். "நான் தனியாக வாக்குமூலம் கொடுக்க வேண்டும்" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். எழுதித் தருவதை முழுதும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "பெற்றோருடன் செல்ல சம்மதிக்கிறேன்" என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு அருகில் சுருக்கொப்பம் வையுங்கள்.

வீட்டார் சாதி காரணமாகவோ காதல் காரணமாகவோ மிரட்டுகிறார்கள் என்றால் மாஜிஸ்திரேட் முன் அதே சன்ஹிதாவின் 183ஆவது பிரிவில் வாக்குமூலம் பதிய வேண்டும் என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய சட்டத்தில் இது 164. நீங்களே நேராக மனுவோடு மாஜிஸ்திரேட்டிடம் போனால் திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு அதிகம். போலீஸ் வழியாக வராத சாட்சியின் வாக்குமூலத்தைப் பதிய முடியாது என்று 1999இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன் சொன்னதற்குள்ள பலம் ஸ்டேஷனில் சொன்னதற்குக் கிடையாது. பிறகு யாராவது "கடத்தல்" என்று புகாரை மாற்றினாலும் அந்தத் தாள் நிற்கும்.

ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை வீட்டார் உயர் நீதிமன்றத்தில் போட்டிருந்தால் பயந்துவிடாதீர்கள். பெயர்தான் பயமாக இருக்கிறது. நீதிபதி கேட்கப்போவது இரண்டு கேள்வி: உங்கள் வயது என்ன, யாராவது உங்களை அடைத்து வைத்திருக்கிறார்களா? 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறைப்படி இணையரோடு வந்துவிட்டவர்களின் வழக்குகளில், மனுதாரரும் வீட்டாரும் போலீஸும் இல்லாத தனியிடத்தில் நீதிபதி பேச வேண்டும். கவுன்சலிங் என்ற பெயரில் மனத்தை மாற்றப் பார்க்கக் கூடாது. தன்பாலின இணையருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். காணவில்லை என்ற புகாரில் இருப்பவர்கள் சம்மதத்தோடு சேர்ந்து வாழும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை தராமல் புகாரை முடிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

முடிவில் "மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது" என்று போலீஸ் வழக்கை முடிக்கும். அந்த நகலை வாங்காமல் விடாதீர்கள். வேறு ஊர் ஸ்டேஷன் உங்களை மறித்தால் காட்ட வேண்டியது அதுதான்.

நகைத் திருட்டு என்ற புகாரையும் எதிர்பார்க்கலாம். ஆளைத் தேடிப் பிடிக்க அது வேகமான வழி என்று வீட்டாருக்கு யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். உங்களுடையது அல்லாத நகை, பணம், வண்டி எதையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். வந்துவிட்டது என்றால் பட்டியலிட்டு வழக்கறிஞர் மூலம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். கல்யாணத்தில் உங்களுக்குப் போட்ட நகை உங்கள் சீதனம், உங்களுக்கே சொந்தம், அது வேறு.

போனும் ஆதாரும் சொல்லிக்கொடுக்கும் வழிகள்

போலீஸ் கண்டுபிடிப்பதைவிட ஆபத்தானது வீட்டார் நேரடியாகக் கண்டுபிடிப்பது. அதற்கு அவர்களுக்கு டவர் விவரமெல்லாம் தேவையில்லை. அப்பா பெயரில் எடுத்த சிம் என்றால், அவர் டூப்ளிகேட் சிம் வாங்கினால் உங்கள் ஓ.டி.பி. அனைத்தும் அவருக்குப் போகும். வங்கிக் கணக்கில் அண்ணன் எண் பதிவாகியிருந்தால் நீங்கள் ஏ.டி.எம்.மில் 500 ரூபாய் எடுத்ததும் அவருக்குக் குறுஞ்செய்தி போகும். ஸ்மார்ட் ரேஷன் கார்டில் பொருள் வாங்கினால் பதிவான எண்ணுக்குத் தகவல் போகும். வீட்டுக் கம்ப்யூட்டரில் உங்கள் கூகுள் கணக்கு திறந்தே இருந்தால், எடுத்த படங்கள், டிக்கெட் மின்னஞ்சல்கள் எல்லாம் அங்கே வந்து விழுந்துகொண்டிருக்கும். தம்பி கணக்கில் உணவு ஆர்டர் செய்தால் முகவரி அவர் திரையில்.

மாற்றும் வரிசை முக்கியம். முதலில் உங்கள் ஆதாரைக் கொண்டு உங்கள் பெயரிலேயே புது சிம். பிறகு ஆதார் சேவை மையத்தில் அந்த எண்ணைப் பதிவு செய்யுங்கள். இதற்குக் கைரேகை போதும், பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. போகாது. அதன்பின் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளையைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட கருவிகள் பட்டியலைத் திறந்து அங்கே இருப்பதை நீக்குங்கள். கடைசியாக வங்கி. கூட்டுக் கணக்காக இருந்தால் அதை மாற்றப் போராட வேண்டாம், தனிக் கணக்கு புதிதாகத் தொடங்குங்கள். ஜன்தன் கணக்குக்கு இருப்புத் தொகை வேண்டியதில்லை. மின்னஞ்சலை மாற்றும் முன்பே வங்கியைத் தொட்டால், புது எண்ணை உறுதிப்படுத்தும் செய்தி பழைய மின்னஞ்சலுக்குப் போய் அங்கே படிக்கப்பட்டுவிடும்.

சான்றிதழ்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர்களின் முதல் கவலை படிப்புச் சான்று. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களை அரசின் மின்னணு ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் எடுத்துப் பாருங்கள். அது அசலுக்குச் சமம். வயதைக் காட்டவும் அதுவே உதவும்.

எதற்காக வந்தீர்கள் என்பதைப் பொறுத்து

அடி உதைக்குப் பயந்து வந்தவர்களுக்கு 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம். இது மனைவிகளுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். அப்பாவும் அண்ணனும் அடித்தால் மகளும் தங்கையும் இதே சட்டத்தில் போகலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், மனுவை அவரே தயாரித்துக் கொடுப்பார். நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, போனிலோ கடிதத்திலோ எந்த வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை. இச்சட்டத்தின் விதிகளில் ஒன்று பலருக்குத் தெரியாது: நீங்கள் கேட்டுக்கொண்டால், நீங்கள் அங்கே தங்கியிருப்பதைக் காப்பகம் எதிர்த்தரப்புக்குச் சொல்லக் கூடாது. சேரும்போதே அதை எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் அடுத்த ஷிஃப்ட் வார்டனுக்குத் தெரியாமல் போய்விடும். சகி மையத்தின் ஐந்து நாளுக்கு மேல் தங்க, பெண்களுக்கான சக்தி சதன் இல்லங்கள் உண்டு. வேலை கிடைத்துவிட்டால், வேலைபார்க்கும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளைப் பாருங்கள்.

கடனுக்காக ஊரைவிட்டு வந்த ஆண்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காணாமல் போவதால் கடன் விஷயத்தில் எதுவும் நின்றுவிடுவதில்லை. கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போவது மட்டும் கைதுக்குரிய குற்றம் அல்ல. ஆனால் செக் கொடுத்திருந்தால் கதை வேறு. செக் திரும்பியபின் வரும் நோட்டீஸுக்கு 15 நாள் கெடு. நீங்கள் இல்லாத வீட்டு முகவரிக்கு வந்து திரும்பிப் போனாலும் அது சேர்ந்ததாகவே கருதப்படலாம். வழக்கில் ஆஜராகாவிட்டால் வாரண்ட் வரும், சாதாரணக் கடன் அங்கேதான் போலீஸ் விவகாரம் ஆகிறது. வழக்கறிஞர் ஒருவர் உங்கள் சார்பில் நோட்டீஸுக்குப் பதில் கொடுத்தாலே பாதி நெருக்கடி தளரும். வட்டிக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்து மனைவியை மிரட்டுகிறார் என்றால் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மனைவியே எஸ்.பி.யிடம் புகார் கொடுக்கலாம், நீங்கள் ஊரில் இருக்க வேண்டியதில்லை.

பெரியவர்களும் கிளம்பி வருகிறார்கள். கோயில் வாசலில், ரயில் நிலையத்தில், "பிள்ளைகளுக்குப் பாரமா இருக்க வேண்டாம்னு வந்துட்டேன்" என்பார்கள். அவர்களுக்கு முதியோர் உதவி எண் 14567. பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யவும் அதில் வழி உண்டு. திரும்பி அந்த வீட்டுக்குப் போகாமலே இதைச் செய்யலாம்.

மனநோயின் பிடியில், எங்கே வந்தோம் என்றே தெரியாமல் அலைபவர் இந்தப் பதிவைப் படிக்கப் போவதில்லை. அவரைப் பார்ப்பவர்தான் படிப்பார். அப்படியானவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இது மனநலச் சட்டத்தின் 100ஆவது பிரிவு. ஸ்டேஷனில் "எங்களால் என்ன செய்ய முடியும்" என்றால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். தெருவில் வாழும் மனநலம் பாதித்த பெண்களுக்காகச் சென்னையில் 1993 முதல் தி பேனியன் என்ற தொண்டு நிறுவனம் வேலை செய்கிறது.

18 வயதுக்குக் கீழே என்றால்

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலே எழுதிய இரகசியக் காப்பு உங்களுக்கு அப்படியே கிடைக்காது. குழந்தைகள் உதவி எண்ணான 1098 அழைத்தால் அன்போடு கேட்பார்கள், ஆனால் உங்களைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோவது சட்டப்படி கட்டாயம். உங்களைத் தனியாகப் பார்த்த எந்தப் பெரியவரும் தகவல் சொல்லாமல் இருந்தால் அவர்மேல்தான் நடவடிக்கை. உங்களுக்கு இடம் கொடுத்த தோழியின் அம்மாவுக்கும் இது பொருந்தும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை அழைத்துவந்த காதலர்மேல், சம்மதம் இருந்தாலும், கடத்தல் வழக்கும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கும் வரலாம்.

ஆனால் குழு என்பது வீட்டில் கொண்டுபோய் விடும் வண்டி அல்ல. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டே முடிவு எடுக்க வேண்டும். நீங்களே நேராகவும் அவர்கள் முன் போய் நிற்கலாம். வீட்டில் நடந்ததை முதல் நாளே சொல்லுங்கள். "சண்டை" என்று பொதுவாகச் சொன்னால் அன்றே திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. யார், எப்போது, எதனால் அடித்தார், எங்கே தொட்டார், யாருக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், தேதி என்ன என்று சொன்னால் விசாரணை தொடங்கும். குழந்தைத் திருமணம் நடக்கவிருக்கும் ஆபத்தில் உள்ள சிறுமி "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்று சட்டமே வகைப்படுத்துகிறது. அந்தச் சொற்களை அப்படியே சொல்லலாம்.

வீட்டுக்கு ஒரு செய்தி

சொல்லாமல் வந்ததற்காக யாரும் உங்களைக் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனாலும் ஒரு செய்தி அனுப்புவதால் உங்களுக்கே நன்மை இருக்கிறது. தேடுதல் வேகம் குறையும், படம் பரவுவது குறையும். இன்னொன்றும் உண்டு. ஏழு ஆண்டுகள் இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லை என்றால் ஒருவர் இறந்துவிட்டதாகக் கருத சாட்சியச் சட்டம் இடம் கொடுக்கிறது. பங்கு பிரிக்கப்படும், கணவனோ மனைவியோ விவாகரத்து கேட்கலாம். ஒரே ஒரு கடிதம் இருந்தால் அந்தக் கணக்கு ஓடாது.

பிரிட்டனில் இதற்கென்றே ஒரு அறக்கட்டளை இருக்கிறது. மிஸ்ஸிங் பீப்பிள் என்பது பெயர். 116 000 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தாலோ குறுஞ்செய்தி அனுப்பினாலோ, நீங்கள் சொன்னதை மட்டும் வீட்டாருக்குச் சேர்ப்பார்கள், எங்கிருந்து பேசினீர்கள் என்று சொல்ல மாட்டார்கள். அங்கே போலீஸும் வயது வந்தவரைக் கண்டுபிடித்தால் "பத்திரமாக இருக்கிறார்" என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள், சம்மதம் இல்லாமல் முகவரி தர மாட்டார்கள். லண்டனில் வீட்டைவிட்டு வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இந்த எண்ணை வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் அந்த வேலையை வழக்கறிஞரிடம்தான் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. தோழியிடம் ஒப்படைக்காதீர்கள், முதலில் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள்.

செய்தியில் மூன்று விஷயம் போதும். நலமாக இருக்கிறேன். இப்போது வரமாட்டேன். மறுபடி இந்த நாளில் தகவல் சொல்வேன். காரணம் எழுதாதீர்கள், எழுதினால் அதற்குப் பதில் வரும், பிறகு வாக்குவாதம். சொன்ன நாளில் தவறாமல் அனுப்புங்கள். பதிலுக்கு "அம்மா ஐ.சி.யு.வில் இருக்கிறார், உடனே வா" என்று வந்தால் உடைந்துபோய் பஸ் ஏறிவிடாதீர்கள். உண்மையாகவும் இருக்கலாம், வரவழைக்கும் வழியாகவும் இருக்கலாம். மருத்துவமனை பெயரையும் உள்நோயாளி எண்ணையும் கேட்டு, வழக்கறிஞர் மூலமோ அந்த ஊரில் உள்ள நம்பிக்கையான ஒருவர் மூலமோ வார்டில் விசாரியுங்கள். அரை நாளில் தெரிந்துவிடும்.

"காணவில்லை" படத்தை ஃபார்வர்டு செய்பவர்களுக்கும் ஒன்று. அதில் இருப்பவரை எங்காவது பார்த்தால் படத்தின் கீழுள்ள தனிநபர் எண்ணை அழைக்காதீர்கள். அவர் யாரிடமிருந்து தப்பி வந்தாரோ அவரே அந்த எண்ணில் இருக்கலாம். ஸ்டேஷன் எண்ணுக்கோ 112க்கோ சொல்லுங்கள். முடிந்தால் அதற்கு முன் அவரிடமே "உங்களுக்கு உதவி வேண்டுமா?" என்று கேளுங்கள்.

திரும்பிப் போக மனம் வந்தால் அதுவும் உங்கள் உரிமைதான், தோல்வி என்று நினைக்க வேண்டாம். முதல் சந்திப்பை வீட்டில் வைக்காதீர்கள். பகலில், வழக்கறிஞர் அலுவலகத்திலோ சகி மையத்திலோ, இரண்டு பேருக்கு மேல் வராதபடி வையுங்கள். போகும் நாளில் அசல் சான்றிதழ்களையும் வங்கி அட்டையையும் வெளியே நம்பிக்கையான இடத்தில் விட்டுவிட்டுப் போங்கள். எத்தனை மணிக்கு அழைப்பேன் என்று ஒருவரிடம் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் அவர் 112க்குச் சொல்ல வேண்டும், அதோடு எந்த ஊர் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் தெருப் பெயரோடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.